தணிக்கைக் குறிப்பு 14-க்கு விளக்கம்

அனுப்புநர்: ஜ. தரணேந்திரன்,
இளநிலை விஞ்ஞானி, காவலூர் மலை,
வட ஆற்காடு மாவட்டம்.

ஐயா,
பெங்களூரில் ஏற்றிய உலர்பனி இருபது கிலோ. உண்மை.
ஆலங்காயத்தில் இறக்கியது பதினான்கு. அதுவும் உண்மை.
மீதி ஆறு கிலோவை யாரும் திருடவில்லை.
அது உருகுவதில்லை, அதனால்தான் சாக்கு நனையவில்லை.
தண்ணீராகும் சிரமம்கூடப் படாமல்
நேராகக் காற்றாகிவிடும் பண்டம்.
வாணியம்பாடி பஸ் ஸ்டாண்டில்
வண்டி ஒன்றரை மணி நேரம் நின்றது.
தோல் மண்டி நாற்றத்துக்கு நடுவே
ஆறு கிலோ அரசுச் சொத்து
டிக்கெட் இல்லாமல் இறங்கிப் போனது.
சாட்சி: கண்டக்டர். அவருக்குக் கால் சில்லிட்டதாம்.

அடுத்து, பன்.
ஆள் ஒருவர், பன் இரண்டு, எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.
நான் ஆரணிப் பக்கத்து நயினார் வீட்டுப் பிள்ளை, ஜைனன்.
பொழுது சாய்ந்தால் எங்கள் வீட்டில்
வாய் திறப்பது பேச மட்டும்.
பொழுது சாய்ந்தால்தான் எனக்கு ஆபீஸ்.
வேலை உத்தரவைப் படித்துவிட்டு அப்பா சொன்னார்:
‘ராத்திரிச் சோறு கேட்காதவனாப் பார்த்து
சர்க்கார் பிடிச்சிருக்குது.’
என் பன்னையும் சேர்த்துத் துலுக்காணமே தின்கிறார்.
மோட்டார் நின்றுபோகும் இரவுகளில்
குவிமாடத்தைக் கையால் சுழற்றுகிறவர்.
தினக்கூலி. அவர் பேரில் பன் எழுதக்
கட்டம் இல்லை படிவத்தில்.

இனி அந்த முப்பத்தோரு இரவு.
‘மேகம்’ என்று நானே எழுதி, நானே கையெழுத்திட்ட இரவுக்கு
இரவுப்படி எதற்கு,
ஆறு ரூபாய் வீதம் நூற்றெண்பத்தாறை
ஏன் பிடிக்கக் கூடாது?

மேகம் என்று எழுத
ஒருவன் விழித்திருக்க வேண்டும், ஐயா.
பத்து மணிக்கு மேகம்.
பதினொன்றுக்கு மேகம்.
பன்னிரண்டுக்குத் தூறல்; கூரையை மூடினோம்.
ஒன்றேகாலுக்குத் திறந்தோம்.
கண்ணாடியில் ஈரம் கோத்துவிடும் என்று மறுபடி மூடினோம்.

நான் எண்ணுவது ஒரு நட்சத்திரத்தின் ஒளியை.
சரியாகச் சொன்னால் இரண்டு;
ஒன்றன் முன்னால் ஒன்று வந்து மறைத்துக்கொள்ளும்.
மறைக்கும் நேரம் எனக்குத் தெரியும்.
மேகத்துக்குத் தெரியாது.

நவம்பர் பன்னிரண்டு, மூன்று பத்து.
ஒன்றுக்குப் போன துலுக்காணம்
வெளியிலிருந்து கத்தினார்: ‘சார், ஓட்டை!’
ஏலகிரிப் பக்கம்
ஒரு முறம் அளவுக்கு வானம்.
பதினொரு நிமிடம். ஏழு எண்கள்.
அதற்குள் அடைத்துக்கொண்டது.
இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்தால்
கவனிப்பு ஆகாது என்பது விதி.
ஆகவே அன்றைக்கும் ‘மேகம்’ என்றே எழுதினேன்.
ஏழில் ஐந்துதான் தேறியது.
ஐந்து வருடமாக வரைகிற வளைகோட்டில்
அடிமடியில் இருந்த பள்ளத்துக்கு
இப்போது ஐந்து புள்ளி இருக்கிறது.

கூடப் படித்த ஸ்ரீபாலன்
அரிசோனாவிலிருந்து எழுதியிருந்தான்,
வருடத்துக்கு முந்நூறு தெளிந்த இரவாம்.
இன்னும் பதில் போடவில்லை.
மழைக்காலத்தில் எழுதினால் புலம்பலாகிவிடும்.

பிடித்தம் செய்வதானால் செய்யுங்கள்.
பிப்ரவரியில் மட்டும் வேண்டாம், அது வருமான வரி மாதம்.
பன்னை விட்டுவிடுங்கள்.
தாங்கள் நேரில் வருவதானால் ஜனவரி உத்தமம்.
ஸ்வெட்டர் அவசியம்.
ஆணியடித்த செருப்பு ஆகாது, தளம் இரும்பு.

இதை எழுதுவது டிசம்பர் நான்கு, இரவு இரண்டு இருபதுக்கு.
துலுக்காணம்
வெளியே போயிருக்கிறார்.